அம்மாவுக்கு மட்டும் காலி

பொள்ளாச்சி ரைஸ்மில் முதலாளி திருவேங்கடத்தின் அந்தக் காலத்துக் கறுப்புக் காரில் பெட்ரோல் முள் எப்போதும் அடியிலேயே படுத்துக் கிடக்கும். மனைவி கோமளம், "உடுமலைக்குப் போய் அக்காவைப் பார்த்துட்டு வரலாமுங்களா?" என்று கேட்டால், "முள்ளைப் பாரு, பெட்ரோலே இல்லை" என்பார்.

ஒருநாள் கலெக்டர் வந்த விழாவுக்குப் போகும் வழியில் நிஜமாகவே பெட்ரோல் தீர்ந்துபோய், முதலாளி மாலையும் கையுமாகப் பால்வண்டியில் போய் இறங்கினார்.

திரும்பி வந்ததும் டிரைவர் நாச்சிமுத்துவிடம் குதித்தார். "நாளைக்குள்ள இந்த முள்ளைச் சரி பண்ணிப்போடு. எனக்கு உண்மையைக் காட்டோணும், அம்மாவுக்கு மட்டும் காலின்னு காட்டோணும். முடியாதுன்னா வேற வேலை பாத்துக்க!"

நாச்சிமுத்து டேங்கைத் திறந்தான். முள்ளை ஏற்றி இறக்கும் மிதவையில் ஓட்டை. அது பெட்ரோலைக் குடித்துவிட்டு மூழ்கிக் கிடந்தது. புது மிதவை மாட்டினான். முள் ஜம்மென்று நிமிர்ந்தது.

மறுநாள் காலையில் முதலாளியும் கோமளமும் வாசலுக்கு வந்ததும் பவ்யமாகக் கேட்டான்: "முதலாளி, உங்களுக்கு உண்மை காட்டற வேலை முடிஞ்சுதுங்க. அம்மாவுக்குக் காலின்னு காட்டோணுமே, அவங்க எந்தப் பக்கம் உட்காருவாங்க?"



கோமளம் சிரித்தாள். "காலி டேங்கோட தினமும் மில்லுக்குப் போயிட்டு வர்ற கார் நம்முது ஒண்ணுதானுங்களே! ஏனுங்க இத்தனை பொய்?"

அவர் தரையைப் பார்த்தார். "போனா பத்து நாள் தங்கிருவே. நீ இல்லாம வீடே வீடா இருக்கறதில்லை."

நாச்சிமுத்து பின்கதவை அகலத் திறந்தான்.

"அம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் சரிங்க முதலாளி. இன்னொரு பக்கம் நீங்க உட்காருங்க."