ஒன்பதாம் அப்டேட்

"குருவே, அந்த ஒரு வரியை அழிச்சிடட்டுமா?"

கேட்ட இசக்கியப்பனுக்கு வயது நாற்பத்திமூன்று. சாஃப்ட்வேர் கம்பெனியில் அவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் குரு ஜெபக்கனிக்கு இருபத்திநான்கு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இசக்கியப்பனும் முதலில் கேலிக்குத்தான் 'குருவே' என்றார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் டோக்கன் சாஃப்ட்வேருக்கு முந்தின நாள் ஒன்பதாம் அப்டேட் போட்டது இசக்கியப்பன்தான். பல் பிடுங்க வந்த ஆளுக்குப் பிரசவ வார்டு டோக்கன் வந்தது. அவசரமாகப் பழைய எட்டாம் அப்டேட்டுக்கே திரும்பினார்கள்.

எந்த அப்டேட் எப்போது போட்டது, என்ன ஆனது என்று டேட்டாபேஸில் ஒரு டேபிள், அதாவது பட்டியல், உண்டு. அதில் கடைசி வரி: ஒன்பது, தோல்வி, போட்டவர் இசக்கியப்பன்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வருது. இதைப் பார்த்தா என்னை சர்வர் பக்கமே விடமாட்டாங்க."

"அதுக்காகப் பொய் சொல்லணுமா?"

"பொய் இல்ல. சொல்லாம விடுதது."

ஜெபக்கனி திட்டவில்லை. திட்டு வாங்கத் தயாராக இருந்தவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி சர்வரின் நகல் ஒன்று, ஒத்திகைக்கென்று, பக்கத்து மேசையில் இருந்தது. ஜெபக்கனி அதைக் காட்டினார்.

"இதுல அழிங்க, அண்ணாச்சி."

அழித்தார். முகம் தெளிந்துவிட்டது.

"இப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

பண்ணினார்.

சர்வர் எழுந்ததும், வழக்கம்போல, முதல் வேலையாக அந்த டேபிளைப் படித்தது. போட்டது எது, போடாதது எது என்று அதற்கு வேறு எப்படித் தெரியும்? எட்டு வரைக்கும் இருந்தது. ஒன்பது இல்லை.

விட்டுப்போனது என்று நினைத்து, ஒன்பதைத் தானே எடுத்துப் போட ஆரம்பித்தது.

"குருவே, நிறுத்துங்க. அது ஆகாததுல்லா."

"உங்களுக்குத் தெரியும். அதுக்கு யாரு சொல்லுவா?"

இசக்கியப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் முன்னாலேயே ஒன்பது முழுசாக ஏறி முடிந்தது.

"நாளைக்கு வாரவங்களுக்கு அந்த வரியை நானே காட்டுதேன்," என்றார் கடைசியில். "அப்புறம் என்னை வேண்டாம்னுட்டா?"

"பத்தாவதை யாரு போடப் போறான்னு கேப்பாங்க. உங்க பேரைத்தான் சொல்லப் போறேன். நல்ல சட்டையா போட்டுட்டு வாங்க."