மகாராஜா கடித்த ஊசிமிளகாய்

முன்னொரு காலத்தில் கடம்பவளநாட்டை மதுகேசரி என்ற மகாராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. பந்தயம் என்று யாராவது சொல்லிவிட்டால் அரியணையை விட்டே எழுந்து வந்துவிடுவார்.

ஏழை எளியவர்களுக்காகத் தலைநகரில் அவர் ஓர் இலவச வைத்தியசாலை கட்டியிருந்தார். கைராசியான வைத்தியர்களும் உண்டு, வேண்டிய மருந்தும் உண்டு. ஆனால் உள்ளே போய்ச் சேர்வதற்குள் நோயாளிக்குப் பாதி உயிர் போய்விடும். அதிகாரி பூஷணர் வைத்திருந்த நடைமுறை அப்படி! முதல் வாசலில் மகாராஜாவின் பட்டப்பெயர்களைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும். இரண்டாம் வாசலில் நோயைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வாசலில் அதையே மறுபடியும் சொல்ல வேண்டும். காலில் முள் குத்தியவனும் பாம்பு கடித்தவனும் ஒரே வரிசைதான்.

ஒருநாள் தறிக்காரன் சொக்கப்பன் மூச்சிரைக்க அரசவைக்குள் ஓடிவந்தான்.

"மகாராஜா! பிரசவத்துக்குப் போன என் பெண்டாட்டி வரிசையிலேயே பிள்ளை பெற்றுவிட்டாள்!"

"அடடே, நல்ல செய்திதானே!"

"நல்ல செய்திதான். ஆனால் அவள் மயங்கிக் கிடக்கிறாள். மருத்துவச்சியைக் கூப்பிட்டால், 'பிள்ளை இப்போதுதானே வந்தது, அதைக் கடைசியில் நிற்கச் சொல்' என்கிறார் வாசல்காரர்!"

சபை கொல்லென்று சிரித்தது. அமைச்சர் மழபாடியார் மட்டும் சிரிக்கவில்லை. அரண்மனை மருத்துவச்சியைப் பல்லக்கில் ஏற்றி அப்போதே அனுப்பிவைத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

"மகாராஜா, இந்த வரிசையை ஒழித்தாக வேண்டும்" என்றார் அமைச்சர்.

பூஷணருக்கு அமைச்சர் மேல் வெகுநாளாகப் பொறாமை. துள்ளி எழுந்தார். "அவசரப்பட்டால் தலைவலிக்காரனுக்குப் பேதி மருந்து போய்விடும்! அமைச்சர் அவ்வளவு கெட்டிக்காரர் என்றால், புது வைத்தியர் ஒருவரையும் சேர்க்காமல், ஒரு கொட்டகைகூடப் போடாமல் வரிசையைக் குறைத்துக் காட்டட்டும். முடியாவிட்டால் பதவியை எனக்குக் கொடுத்துவிடட்டும்."

"ஆகா, பந்தயம்!" மகாராஜா கைதட்டினார்.

"சம்மதம்" என்றார் மழபாடியார். "ஆனால் ஒரு வேண்டுகோள். இவ்வளவு உயர்ந்த நடைமுறையை நோயாளிகள் மட்டும் அனுபவிப்பது நியாயமா? நாளை ஒருநாள் அரண்மனை விருந்துக்கும் அதையே வைப்போம். பூஷணரே முன்னின்று நடத்தட்டும்."

பூஷணருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகாராஜாவும் குஷியாகி, "யாருக்கும் விலக்குக் கிடையாது!" என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் விருந்து. முதல் பரிமாறல் முடிந்தது. இனி தண்ணீரோ பாயசமோ, எது வேண்டுமானாலும் மூன்று வாசலையும் தாண்டித்தான் வாங்க வேண்டும். மகாராஜா கூட்டை ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். அதற்குள் ஒரு முழு ஊசிமிளகாய்! அது எப்படி அங்கே வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். சமையற்காரரையும் அமைச்சரையும் கேளுங்கள்.

"ஸ்ஸ்... ஹா... தண்ணீர்!" மகாராஜா வாசலுக்கு ஓடினார்.

பூஷணர் வணங்கி நின்றார். "மன்னிக்க வேண்டும். முதலில் பட்டப்பெயர்கள்."

"யாருடைய பட்டப்பெயர்?"

"தங்களுடையதுதான் மகாராஜா."

"ஏழ்கடல் கொண்ட... ஸ்ஸ்... எதிரிகளின் சிங்கமாகிய... ஹா..."

"'எதிரிகளுக்குச் சிங்கம்' மகாராஜா. 'எதிரிகளின் சிங்கம்' என்றால் தாங்கள் கட்சி மாறிவிட்டதாக ஆகிவிடும். முதலிலிருந்து ஒருமுறை..."

கண்ணீர் வழிய வழியச் சொல்லி முடித்து இரண்டாம் வாசலுக்கு ஓடினார் மகாராஜா. பூஷணர் அங்கேயும் முந்திக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன தொந்தரவு?"

"காரம்!"

"எப்போதிலிருந்து?"

"இப்போதிலிருந்துதான்!"

"நுனி நாக்கிலா, அடி நாக்கிலா?"

"நாக்கு முழுவதும்டா!"

மூன்றாம் வாசலில், "என்ன தொந்தரவு?" என்று மறுபடியும் ஆரம்பித்தார் பூஷணர்.

"இப்போதுதானே சொன்னேன்!"

"அது அந்த வாசல். இது வேறு வாசல். சரி, இவருக்குப் பின்னால் நில்லுங்கள்."

முன்னால் தளபதி நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது கிண்ணம் பாயசத்துக்கு.

"எனக்கு நாக்கு வேகிறது, அவனுக்குப் பாயசமா? அவனால் காத்திருக்க முடியும், என்னால் முடியாது! எனக்கு முதலில் கொடு!" மகாராஜா போட்ட சத்தத்தில் விருந்து மண்டபமே அடங்கிப்போனது.

மழபாடியார் ஒரு செம்பு மோரோடு வந்தார். "இதையேதான் மகாராஜா, அந்த வரிசையில் மயங்கிக் கிடந்தவளும் சொல்லியிருப்பாள். அவளுக்குச் சொல்லத் தெம்பில்லை."

மகாராஜா மோரை ஒரே மூச்சில் குடித்தார். அமைச்சரைக் கோபமாகப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்" என்றார்.

பட்டப்பெயர் சொல்வது நின்றது. அங்கிருந்த வைத்தியர்களிலேயே அனுபவசாலியான ஒருவர் முதல் வாசலில் உட்கார்ந்தார். மூச்சுத்திணறல், விஷக்கடி, பிரசவ வலி என்று வந்தவர்கள் நேரே உள்ளே போனார்கள். காயத்துக்குக் கட்டுப்போட மரத்தடி. வழக்கமான சூரணம் வாங்குகிறவர்களுக்குப் பக்கத்து ஜன்னல். கேள்வி கேட்டே பொழுதைப் போக்கிய வாசல்காரர்கள் மருந்து இடிக்கப் போனார்கள். அவர்களுக்கு முன்னால் உலக்கையைப் பிடித்தவர் பூஷணர். சுக்கு இடிக்கும்போது அவர் போடும் தும்மல் தெருமுனை வரை கேட்குமாம்.

சில நாள் கழித்து, மக்களின் வாழ்த்தைப் பெற மகாராஜா யானை மேல் ஏறி, மேளதாளத்தோடு வைத்தியசாலைக்கு வந்தார். முற்றம் காலி. ஒரு நாய் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

"எங்கே ஐயா ஜனங்கள்? என்னை வாழ்த்த ஓர் ஆள்கூட இல்லையே!"

"மருந்து வாங்கிக்கொண்டு எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார்கள் மகாராஜா. இந்நேரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்" என்றார் கூட வந்த மழபாடியார்.

மகாராஜா கொஞ்ச நேரம் நாயையே பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார்.

"பாகா, யானையை ஊருக்குள் ஓட்டு!" என்றார். "அவர்கள் வராவிட்டால் என்ன? வீடுவீடாகப் போய் நானே வாழ்த்தை வாங்கிக்கொள்கிறேன்!"