பவுடர் பூசிய டர்போ

உப்பளத்தில் பிக்கப் ஓட்டும் ஜெபராணிக்கு ஒரே கவலைதான். என்ஜினோடு சேர்ந்திருக்கும் டர்போவுக்குக் கீழே ஆயில் கசிந்தது. வண்டி நின்றால் உப்பு லோடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் கோமதிநாயகம் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஆயில் ஊத்தும்போது நீ சிந்தியிருப்பம்மா. அதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது. என் கையால ஊத்தினா ஒரு சொட்டு சிந்தாது, தெரியுமா?"

"அப்ப நீங்களே ஊத்துங்க சார்."

எல்லோரும் பார்க்கும்போது மாட்டேன் என்பாரா? மெக்கானிக்குகள் என்ஜினைக் கழுவிக் காயவைத்தார்கள். அவர் பந்தாவாக ஆயில் ஊற்றி மூடினார். ஜெபராணி பையிலிருந்த முகப்பவுடரை டர்போவைச் சுற்றித் தூவிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

வெயிலில் பவுடர் பனி மாதிரி மிதந்தது. கோமதிநாயகம் உட்பட எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்த டர்போவில், குழாய் சேருமிடத்திலிருந்து ஈரமாக ஒரு கோடு, அவசரமே இல்லாமல், எறும்பு போல இறங்கி வந்தது.

"சிந்திட்டீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான் எங்கம்மா சிந்தினேன்!" என்று கத்தினார் கோமதிநாயகம். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

ஜெபராணி வாரண்டி ஃபாரத்தை நீட்டினாள். மீசையெல்லாம் பவுடரோடு அவர் கையெழுத்துப் போட்டார்.