விலா எலும்பின் இடம்

"அம்மை, எனக்கு இனிக் கற்க ஒன்றும் இல்லை. தீட்சை கொடுங்கள்" என்றாள் உலகநங்கை.

சுடுகாட்டை ஒட்டிய குடிசையில் வாழ்ந்த வெள்ளியம்மை, தன்னைவிட வயதில் மூத்த அந்தச் சிஷ்யையை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன கற்றீர்கள், அக்கா?"

"உடம்பு வெறும் எலும்பு. மகளைச் சிதையில் வைத்த அன்றும் என் கண் கலங்கவில்லை."

வெள்ளியம்மை எழுந்து நடந்தாள். உச்சி வெயில். ஒரு காக்கைகூட இல்லை.

கள்ளிப் புதருக்குப் பின்னால் ஓர் எலும்புக்கூடு குப்புறக் கிடந்தது. எப்போதோ புதைத்ததை மழை மண்ணை அரித்து வெளியே தள்ளியிருந்தது. காய்ந்த களிமண் மற்ற எலும்புகளைப் பிடித்து வைத்திருக்க, ஒரு விலா எலும்பு மட்டும் கழன்று கிடந்தது.

"வெறும் எலும்புதானே. இருந்த இடத்தில் வையுங்கள்."

உலகநங்கை அதன் முனையை முதுகுத்தண்டின் ஒரு கணுவில் பொருத்தினாள். சரிந்தது.

மேல்கணுவில் வைத்தாள். விழுந்தது.

வெயில் சாய்ந்தது. விலா நிற்கவில்லை.

"தெரியவில்லை, அம்மை."

வெள்ளியம்மை திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள்.

"தொட்டுப் பாருங்கள்."

மெலிந்த முதுகு. விலாப்புறத்திலிருந்து விரலை நகர்த்தினாள். எலும்பு சற்றே மேலேறித் தண்டுக்குள் புகுந்தது. அடுத்ததும் அப்படியே.

விரல் நின்றது.

மூச்சுக்கு அந்த முதுகு ஏறவில்லை. இறங்கவில்லை. தோல் குளிர்ந்திருந்தது.

"அம்மை?"

இரு கைகளையும் விரித்து முதுகில் அழுத்தினாள். கல்லைத் தொட்டது போலிருந்தது.

"போகாதேடி! பொன்னரசி, போகாதேடி, என் கண்ணே!"

அது மகளின் பெயர். ஈமச்சடங்கு முடிந்த பிறகு அவள் அதை உச்சரித்ததே இல்லை.

அப்போது உள்ளங்கைகளுக்குக் கீழே விலாக்கள் எல்லாம் ஒருசேர உயர்ந்தன, வாளியின் பிடியை யாரோ தூக்கியது போல.

உலகநங்கை அந்த முதுகிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். வெள்ளியம்மை அசையாமல் இருந்தாள்.

அழுது ஓய்ந்ததும், ஈரக்கையோடு விலா எலும்பை எடுத்தாள். அதன் தலைமுனையில் ஒன்றல்ல, இரண்டு வழவழப்பான முகங்கள் இருந்தன.

இரு கணுக்களின் இடுக்கில் தலையைச் செருகினாள். ஒரு முகம் மேல்கணுவைத் தொட்டது, மற்றது கீழ்க்கணுவை. விலாவின் கழுத்தை அடுத்திருந்த மேடு, கீழ்க்கணுவின் பக்கவாட்டில் நீண்ட இறக்கையில் போய்ச் சாய்ந்துகொண்டது.

நின்றது.

"இது யார், அம்மை?"

"ஒரு பாடினி. ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும்படி பாடுவாளாம்."

"எப்படிப் பாடினாள்?"

"உட்காருங்கள், அக்கா."

இருவரும் உட்கார்ந்தார்கள். காற்று இல்லை. புல் நுனிகூட ஆடவில்லை.

எலும்புகளுக்குள்ளே யாரோ, பாடத் தொடங்குகிறவர்களைப் போல, மெல்ல மூச்சை இழுத்தார்கள்.