துதிக்கை வாயா, கையா?

மழை எட்டிப் பார்க்காத ஒரு காட்டில், ஒரே ஒரு சுனையில் மட்டும் தண்ணீர் இருந்தது, குழந்தைகளே! மற்ற ஓடைகளெல்லாம் வெறும் மணலாகிவிட்டன. புல் கருகியது. பழ மரங்கள் பூக்கவே இல்லை.

"இனி இங்கே இருந்தால் பட்டினிதான். வேறு காட்டுக்குக் கிளம்புவோம்" என்றது குரங்கு.

"குட்டிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பது? வழியிலேயே செத்துவிடுமே!" என்றது காட்டுப்பன்றி.

அப்போது கூட்டத்தின் நடுவே சருகுமான் வந்து நின்றது. நீங்கள் சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா? மானைப் போலவே இருக்கும். ஆனால் முயல் அளவுதான். சருகு அசைந்தாலே ஓடி ஒளிந்துகொள்ளும். அப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளிக்கு அன்று எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"சுனைக் கரையில் நல்ல மண் இருக்கிறது. தண்ணீரும் இருக்கிறது. நாமே தோட்டம் போட்டால் என்ன?" என்றது.

உடனே எழுந்ததே ஓர் ஆரவாரம்!

"அட, போடலாமே!"

"நான் உழுகிறேன்!" என்று காட்டுப்பன்றி மூஞ்சியை மண்ணில் புதைத்துக்கொண்டு அங்கேயே ஓட ஆரம்பித்தது. யானை பாறைகளை உருட்டித் தள்ளியது. அணில் தான் ஒளித்துவைத்திருந்த பயறுகளையெல்லாம் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தது. கிளி எங்கெங்கோ பறந்து போய் விதைகளைக் கொண்டுவந்து கொட்டியது. குரங்கு முள்வேலி கட்டியது. நரி மட்டும் ஒரு மேட்டில் ஏறி நின்று, "அங்கே இன்னும் கொஞ்சம் ஆழமாக! இங்கே இன்னும் கொஞ்சம் அகலமாக!" என்று வாயாலேயே வேலை செய்தது.

தோட்டத்தை ஆளுக்கு ஒரு பாத்தியாகப் பிரித்தார்கள். சருகுமான் கரும்பு நட்டது. யானை வாழை வைத்தது. அணிலுக்குப் பயறு, குரங்குக்கு வேர்க்கடலை, கிளிக்குச் சோளம், காட்டுப்பன்றிக்குச் சேப்பங்கிழங்கு. நரி தனக்கு மிகவும் பிடித்த முலாம்பழத்தை விதைத்தது. எல்லோரும் முறை வைத்துச் சுனைத் தண்ணீரைக் குடுக்கையில் மொண்டு வந்து ஊற்றினார்கள். மேட்டில் இருந்ததால் நரியின் பாத்திக்கு மட்டும் தண்ணீர் ஏறுவது கஷ்டமாக இருந்தது.

கரடியைத் தோட்டத் தலைவர் ஆக்கினார்கள். கரடி நேர்மையானதுதான். ஆனால் யாரோடும் மனஸ்தாபம் வைத்துக்கொள்ளப் பிடிக்காது.

எல்லோரும் கூடிப் பேசி விதி ஒன்று செய்தார்கள். அதைக் கரடி உரக்கச் சொன்னது:

"அடுத்தவர் பாத்தியில் யாரும் வாய் வைக்கக் கூடாது! வைத்தால், அறுவடை முடியும்வரை எல்லாப் பாத்திகளுக்கும் அவர் தண்ணீர் சுமக்க வேண்டும். அறுவடை அன்று எல்லோரும் எடுத்த பிறகுதான் அவர் எடுக்க வேண்டும்!"

"சரி! சரி!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள்.

முளை விட்ட நாளில் தோட்டமே திருவிழாவாகிவிட்டது. "என் பயறு எழுந்துவிட்டது!" என்று அணில் வாலைத் தூக்கிக்கொண்டு எல்லோருடைய பாத்தியையும் சுற்றி ஓடியது. சோளம் பால் பிடித்தது. கரும்பு சருகுமானின் தலைக்கு மேலே, கரடியின் தலைக்கும் மேலே வளர்ந்தது.

ஒரு நாள் நண்பகல். நல்ல வெயில். யானை பசியோடு வந்தது. அதன் வாழை இன்னும் குலை தள்ளவில்லை. பக்கத்துப் பாத்தியிலிருந்து கரும்பு வாசம் வந்தது.

'ஒன்றே ஒன்று' என்று நினைத்து யானை ஒரு கரும்பை ஒடித்தது. கரக்! தித்திப்பு நாக்கில் ஏறியது. இன்னொன்றை ஒடித்தது. பிறகு எண்ணவே இல்லை.

"ஐயோ! என் கரும்பு!" என்று சருகுமான் அலறிக்கொண்டு வந்தபோது பாத்தியில் பாதி காலி.

செய்தி தோட்டம் முழுவதும் பரவியது. எல்லோரும் கரடியிடம் ஓடினார்கள். யானை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

கரடிக்கு வியர்த்தது. யானையிடம் போய்த் 'தண்ணீர் சும' என்று எப்படிச் சொல்வது?

"யானையாரே... நீங்கள்... அதாவது, விதி இருக்கிறதே..." என்று இழுத்தது.

யானை ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் நரி குதித்து முன்னால் வந்துவிட்டது.

"தலைவரே! விதி என்ன சொல்கிறது? வாய் வைக்கக் கூடாது என்றுதானே?"

"ஆமாம்."

"யானையார் வாயா வைத்தார்? துதிக்கையை அல்லவா வைத்தார்! துதிக்கை என்ற பெயருக்குள்ளேயே 'கை' இருக்கிறதே! கை எப்படி வாயாகும்?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குரங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளி, "கை வாயாகுமா? கை வாயாகுமா?" என்று கத்தியது. கூட்டமே சிரித்தது.

கரடிக்கு அப்பாடா என்று இருந்தது. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிட்டதே!

"நரியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யானையார் விதியை மீறவில்லை. எல்லோரும் போகலாம்."

"அப்படியானால் என் கரும்பு?" என்று சருகுமான் கேட்டது. சிரிப்புச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அன்று மாலையே நரி யானையிடம் போனது. "உங்களுக்காக நான் எவ்வளவு வாதாடினேன், பார்த்தீர்களா? என் பாத்திக்குத்தான் தண்ணீர் ஏறவில்லை..." என்று வாலை ஆட்டியது. யானையால் மறுக்க முடியவில்லை. யாருடைய முறை என்று பாராமல், சுனையிலிருந்து துதிக்கை துதிக்கையாகத் தண்ணீர் எடுத்து மேட்டுப் பாத்தியில் பீய்ச்சியது. நரியின் முலாம்பழங்கள் உப்பிக்கொண்டே வந்தன.

மறுநாள் கிளியின் சோளத்தில் குரங்கு உட்கார்ந்திருந்தது.

"என் சோளத்தைத் தின்கிறாயே!"

"நான் கையால்தானே பறித்தேன்! கை வாயாகுமா?" என்று குரங்கு கண்ணடித்தது.

கிளி கோபத்தோடு பறந்து போய் அணிலின் பயற்றைக் கொத்தியது. "இது அலகு! வாயில்லை!" என்றது.

அணில் விடுமா? குரங்கின் பாத்தியைத் தோண்டி வேர்க்கடலையைக் கொறித்தது. "பல் வேறு, வாய் வேறு!" என்று சொல்லிவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது.

ஒவ்வொருவராகக் கரடியிடம் ஓடி வந்தார்கள். "நியாயம் சொல்லுங்கள்!" என்று ஒருவர் கத்துவார். "யானைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" என்று மற்றவர் திருப்பிக் கேட்பார். கரடியோ, "எல்லோரும் சமாதானமாகப் போங்கள், சமாதானமாகப் போங்கள்" என்று இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டது.

தண்ணீர் முறையும் போயிற்று. "நான் ஊற்றுவேன், அவன் பறிப்பானா?" என்று ஒவ்வொருவரும் குடுக்கையைத் தூக்கி எறிந்தார்கள். செடிகள் தலை சாய்ந்தன. எங்கே பார்த்தாலும் ஒடிந்த தட்டையும் பிய்ந்த கொடியும்!

கடைசியில் ஒரு காலை, மேட்டிலிருந்து பெரிய ஊளை கேட்டது.

"ஊஊஊ! அநியாயம்! அக்கிரமம்! என் முலாம்பழமெல்லாம் போச்சே!"

எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். நரியின் பாத்தியில் ஒரு பழம்கூட இல்லை. தோல்தான் கிடந்தது. நடுவே காட்டுப்பன்றி, மூஞ்சியெல்லாம் சாறு வழிய நின்றுகொண்டிருந்தது.

"தலைவரே! கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்! இவனுக்கு உடனே தண்டனை கொடுங்கள்!" என்று நரி குதித்தது.

காட்டுப்பன்றி நிதானமாக மூஞ்சியைத் துடைத்துக்கொண்டது. "நரியாரே, நான் மூக்கால் உருட்டினேன். மூக்கு வாயாகுமா?"

கொல்லென்று சிரித்தது கூட்டம். குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. அந்த மேட்டில் உருளும்போது கீழே முழுத் தோட்டமும் அதன் கண்ணில் பட்டது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"பாருங்கள்!" என்றது குரங்கு.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பச்சைப் பசேலென்று இருந்த தோட்டம் வைக்கோல் நிறமாகிக் கிடந்தது. அங்கொரு செடி, இங்கொரு கொடி மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இதுவும் போனால் குட்டிகளுக்கு என்ன கொடுப்பேன்?" என்றது காட்டுப்பன்றி.

"இன்னும் பிழைக்கும்!" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. சருகுமான்தான். அது கூட்டத்தின் நடுவே வந்து நின்றது. "இன்றைக்கே தண்ணீர் ஊற்றினால் பிழைக்கும். ஆனால் அதற்கு முன்னால், தலைவரே, என் வழக்கை மறுபடி விசாரியுங்கள்!"

"அது முடிந்துபோன வழக்கு!" என்று நரி சீறியது.

"முடியவில்லை. அன்றைக்கு எல்லோரும் சிரித்தீர்கள். அவ்வளவுதான்."

கரடி யானையைப் பார்த்தது. குரங்கும் கிளியும் அணிலும் பன்றியும் யானையைப் பார்த்தார்கள். நரி யானையின் காதருகே தாவி, "பேசாமல் இருங்கள்! நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்றது.

யானை ஓரடி முன்னால் வைத்தது.

"துதிக்கை எடுத்தது உண்மைதான்" என்றது. "ஆனால், தின்றது என் வாய். கரும்பின் தித்திப்பு என் வாய்க்குத்தான் தெரியும். அன்றைக்கே சொல்ல வாயெடுத்தேன். நரியார் பேசிய பேச்சு எனக்குச் சௌகரியமாக இருந்தது. இருந்துவிட்டேன். சருகுமானே, நான் திருடித் தின்றேன். தலைவரே, தண்டனையைச் சொல்லுங்கள்!"

கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவ்வளவு பெரிய யானை, அவ்வளவு சின்னச் சருகுமானின் முன்னால் தலை குனிந்து நின்றது!

கரடி நிமிர்ந்தது. தலைவரான நாளிலிருந்து அதன் குரல் அவ்வளவு உறுதியாக ஒலித்ததே இல்லை.

"யானையாரே, நீங்கள் விதியை மீறினீர்கள். அறுவடை முடியும்வரை எல்லாப் பாத்திகளுக்கும் தண்ணீர் சுமக்க வேண்டும். அறுவடை அன்று கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அன்றைக்கே இதை நான் சொல்லியிருக்க வேண்டும்!"

"அப்படியானால் நானும்தான்!" என்று குரங்கு ஒரு குடுக்கையைத் தூக்கியது.

"நானும்! நானும்!" கிளி ஒரு சிரட்டையைக் காலில் பற்றிக்கொண்டது. அணிலுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சுனையில் முங்கி எழுந்து, வாலில் நனைத்த தண்ணீரோடு ஓடி வந்தது. காட்டுப்பன்றி சுனையிலிருந்து வாய்க்கால் கிளற ஆரம்பித்தது.

நரி மட்டும் அசையவில்லை.

"நான் ஏன் சுமக்க வேண்டும்? நான் யார் பாத்தியிலும் வாய் வைக்கவில்லையே!"

"உண்மை" என்றது கரடி. "நீ வாயை வைக்கவில்லை. வாயைத் திறந்தாய். அதற்கே இவ்வளவு நாசம். எடு குடுக்கையை!"

நரி சுற்றிலும் பார்த்தது. சிரிக்க ஒருவர்கூட இல்லை. பேசாமல் குடுக்கையை எடுத்துக்கொண்டு சுனைக்கு நடந்தது.

எப்படி ஓடினார்கள் தெரியுமா! சுனைக்கும் தோட்டத்துக்கும், தோட்டத்துக்கும் சுனைக்கும்! "இங்கே ஊற்று!" "இந்தக் கொடி நிமிர்கிறது!" "அங்கே ஒரு துளிர்!" யானை ஒரு தடவை பீய்ச்சினால் ஒரு பாத்தி முழுவதும் நனைந்தது. பொழுது சாய்ந்தபோது எல்லோரும் சேறும் சகதியுமாக விழுந்து கிடந்தார்கள். தோட்டம் மூச்சு விட்டது.

விதியையும் திருத்தினார்கள். "அடுத்தவர் பாத்தியிலிருந்து கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது" என்று கரடி அறிவித்தது. "வாயால் என்றாலும், கையால் என்றாலும், வாலால் என்றாலும் ஒன்றுதான். யாராக இருந்தாலும் ஒன்றுதான்."

அறுவடை நாள் வந்தது. விளைந்ததையெல்லாம் ஒரே இடத்தில் குவித்தார்கள். முன்பு நினைத்த அளவு விளையவில்லை. ஆனால் மழை வரும்வரை எல்லா வயிறும் தாங்கும். முதலில் சருகுமான் வந்து எடுத்தது. தவறு செய்தவர்கள் எல்லோரும் பின்னால் நின்றார்கள். அவர்களிலும் முதலில் மீறிய யானை கடைசி.

"நீங்கள் முன்னால் வாருங்களேன், யானையாரே! உங்கள் வயிறு பெரிய வயிறு!" என்று குரங்கு அழைத்தது.

"வேண்டாம்" என்றது யானை. "என் இடம் இதுதான்."

யானைக்கு முன்னால் அணில் நின்றது. அது ஒவ்வொரு பயறாக எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, கீழே வைத்து, வேறொன்றை எடுத்தது. பின்னால் மலை போல ஒருவர் நிற்கிறார் என்ற நினைப்பே அதற்கு இல்லை.

யானை அவசரப்படுத்தவில்லை. காதை ஆட்டிக்கொண்டு, அணில் எடுத்து முடிக்கும்வரை நின்றது.

நீதி: பெரியவர் ஒருவருக்காக வளைத்த விதி, அதன்பின் எளியவர் எவரையும் காக்காது.