ஆணையர் பார்வையிட வருகிறார்

“பொய் சொன்னவன் நிம்மதியாத் தூங்கறான். நிஜத்தைச் சொன்ன எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. இது என்ன நியாயம் அம்மா?”

கேட்டவர் பசுபதிலிங்கம். நகரப் போக்குவரத்துத் துறையின் ஆணையர். பஸ், சிக்னல், பாலம், நடைபாதை எல்லாம் அவர் கையில். ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது.

பதில் சொல்ல வேண்டியவர் கோமளவல்லி அம்மா. பேருக்குத்தான் அம்மா. ஆணையரின் கடைசித் தங்கை வயதுதான் இருக்கும். உபதேசம் கேட்டு வருகிறவர்களை விரட்டியடிப்பதில் பேர் போனவர். அன்று காலை மடத்துக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“தூங்கறது யாரு?”

“சகாயம்னு ஒருத்தன். ஆம்புலன்ஸ் டிரைவர்.”

“அவர் தூங்கறார்னு எப்படித் தெரியும்? போய்ப் பாத்தீங்களா?”

ஆணையர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“சரி, கதையைச் சொல்லுங்க.”

சொன்னார்.

ஒரு தையல்காரர். நெஞ்சுவலி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், மணிக்கூண்டு சந்திப்புக்கு வருவதற்குள், ஆம்புலன்ஸிலேயே உயிர் போய்விட்டது. சாலை அடைத்துக் கிடந்தது, நகர முடியவில்லை என்கிறான் சகாயம்.

“பச்சைப் பொய் அம்மா! அதே சாயங்காலம், அதே நேரம், அதே மணிக்கூண்டுல நான் இருந்தேன். அங்கே நெரிசல்னு மனு மேல மனு வந்துச்சு. சரி, நாமே நேர்ல போய்ப் பாத்துடுவோம்னு போனேன். ஈ காக்கா இல்லை. ரோடு துடைச்சு வெச்ச மாதிரி கிடந்தது.”

“விசாரணையில வேற யாரைக் கேட்டீங்க?”

“வேற யாரை எதுக்குக் கேக்கணும்? நானே கண்ணால பாத்தேனே!”

“சகாயத்துக்கு என்ன ஆகும்?”

“லைசென்ஸ் போகும். வேலை போகும். ஓர் உயிர் போயிருக்கு, போலீஸ் கேஸும் வரும். இன்னிக்கு மத்தியானம் உத்தரவுல கையெழுத்துப் போடணும்.”

“போட வேண்டியதுதானே? இங்க எதுக்கு வந்தீங்க?”

ஆணையர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என் முகத்தை நேராப் பாத்து, ‘ரோடு அடைச்சிருந்தது ஐயா’ன்னு சொன்னான். கண்ணு கலங்கல, கையும் நடுங்கல. கண்ணை மூடினா அந்த முகம்தான் வருது.”

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

“பேனா இருக்கா?”

“இருக்கு.”

“குடுங்க.”

கொடுத்தார். அம்மா அதை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டார்.

ஆணையரின் பேனாவைத் தொட அவருடைய உதவியாளரே பயப்படுவார். ஆணையர் வாயைத் திறந்தவர் மூடவே இல்லை.

“நீங்க போனா சிக்னல்ல நிப்பீங்களா?” என்று கேட்டார் அம்மா.

“நிக்க வேண்டியதே வராது. பச்சைதான் விழும். புது சிக்னல் போட்டிருக்கேனே, அதோட அருமை அது. நான் பந்தா பண்ற ஆள் இல்லை அம்மா. முன்னால சைரன் வண்டி கிடையாது, பின்னால போலீஸ் ஜீப் கிடையாது. என் கார், என் டிரைவர், அவ்வளவுதான்.”

சும்மா சொல்லக் கூடாது, அவர் நேர்மையான மனுஷர். ஒரு காபிக்குக்கூடக் கை நீட்டாதவர். சொன்னதெல்லாம் அவர் மனசார நம்பினது.

அம்மா எழுந்தார். புடவையில் ஒட்டிய கீரைக் காம்பைத் தட்டிவிட்டார். செருப்பை மாட்டினார்.

“வாங்க, மணிக்கூண்டுக்குப் போவோம்.”

கூடத்தில் இருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மந்திரி வந்து கூப்பிட்டும் வாசல் தாண்டாத அம்மா அது.

வாசலில் கார் நின்றது. டிரைவர் தணிகை ஓடிவந்து பின்கதவைத் திறந்தார்.

“சாத்துப்பா,” என்றார் அம்மா. “நாங்க இதுல வரல.”

“அப்போ நான்?”

“நீ போ. மணிக்கூண்டுக்குப் போ. எப்பவும் போற மாதிரி, எப்பவும் போற வழியில.”

“ஐயா இல்லாமயா?”

“ஐயா இல்லாம. யார்கிட்டயும் அதைச் சொல்லாதே.”

தணிகை ஆணையரைப் பார்த்தார். ஆணையர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தெருவில் போன ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சொன்னபடி செய் தணிகை,” என்றார் ஆணையர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

தணிகை காரில் ஏறினார். கிளம்பும்போது வயர்லெஸை எடுத்து ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றார்?” என்று கேட்டார் அம்மா.

“அதுவா? மணிக்கூண்டுக்குக் கிளம்பியாச்சுன்னு கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வான். அது ஒரு வழக்கம்.”

“யாரு போட்ட வழக்கம்?”

“தெரியல. நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது.”

கார் வெளிவட்டச் சாலைப் பக்கம் திரும்பியது. ஆட்டோ பூக்கடைத் தெருவில் நுழைந்தது. மடத்திலிருந்து மணிக்கூண்டுக்கு அதுதான் குறுக்கு வழி.

ஆணையர் ஆட்டோவில் ஏறி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு குழிக்கும் தலை கூரையில் இடித்தது. அந்தக் குழிகளும் அவர் துறைதான்.

தெரு முடிகிற இடத்தில் ஆட்டோ நின்றது.

முன்னால் மணிக்கூண்டு தெரிந்தது. நடுவில் பஸ், லாரி, பைக், மீன் கூடை ஏற்றிய சைக்கிள், பள்ளிக்கூட வேன் எல்லாம் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. தெரு வாயில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுப் பக்கத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் நின்றார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய சாலை.

பெரிய சாலையில் ஈ காக்கா இல்லை.

ஆணையர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். உள்ளே இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டிப் பார்த்தார்.

“என்னப்பா இது? எதுக்குக் கயிறு?”

ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவகாசமாகத் திரும்பினார். வேட்டி துண்டில் இருந்த பெரியவர் யாரென்று அவருக்குத் தெரியாது.

“ஊருக்குப் புதுசா சார்? பெரியவர் வர்றார்.”

“எந்தப் பெரியவர்?”

“போக்குவரத்து ஆணையர். மணிக்கூண்டுல டிராஃபிக் ஜாமாமே, அதைப் பார்வையிட வர்றார்.”

ஆணையர் கயிற்றுக்கு அப்பால் கை காட்டினார்.

“இப்போதான் ஜாமே இல்லையே, ரோடு காலியா இருக்கே,” என்றார்.

“அவர் பாக்கறதுக்குக் காலியா இருக்கணுமில்ல சார்? நாலு பக்கமும் கட்டிட்டா நடுவுல காலியாத்தான் இருக்கும். அவர் வீட்டுல செருப்பை மாட்டறப்பவே இங்க கயித்தை மாட்டிடுவாங்க. அவர் வருவார், பாப்பார், ‘அருமையா இருக்கே, எவன்டா மனு போட்டான்’னு கேட்டுட்டுப் போவார். மறுபடியும் நாங்க மனு போடுவோம். மறுபடியும் அவர் பாக்க வருவார்.”

ஆட்டோக்காரர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“இதெல்லாம் அவருக்குத் தெரியாதுப்பா,” என்றார் ஆணையர்.

“தெரியாமயா சார் இருக்கும்? போற எடமெல்லாம் பச்சையா விழுந்தா, ஒரு மனுஷன் ஒரு தடவையாவது ஏன்னு கேக்க மாட்டானா?”

அப்போதுதான் பின்னால் சைரன் கேட்டது.

ஆம்புலன்ஸ். தெருவின் பாதிவரை வந்து இன்னொரு லாரிக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. உள்ளே ஒரு பெண் பிரசவ வலியில் கத்தினாள். அந்தச் சத்தம் சைரனையும் தாண்டிக் கேட்டது.

வண்டிகள் ஒதுங்கப் பார்த்தன. ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது? முன்னால் கயிறு.

ஆணையர் போனை எடுத்தார்.

“யாருக்கு?” என்றார் அம்மா.

“கட்டுப்பாட்டு அறைக்கு. ஒரு வார்த்தை போதும், விட்டுடுவாங்க.”

மணி ஒலிக்கக்கூட இல்லை, எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் குரல். நல்ல பவ்யமான குரல்.

“வணக்கம் சார்! கவலையே படாதீங்க சார். உங்க ரூட் முழுக்க கிளியர் சார்.”

“அம்மாடி, அது இல்லை. பூக்கடைத் தெருவுல ஒரு ஆம்புலன்ஸ்...”

“ஐயோ, உங்க வண்டிக்குக் குறுக்கே வருதா சார்? இதோ, இப்பவே தடுத்து நிறுத்தச் சொல்றேன் சார்!”

“இல்லம்மா, நிறுத்தாதே, அதை...”

போன் வைக்கப்பட்டுவிட்டது. கெட்டிக்காரப் பெண். சொல்லி முடிக்கும் முன் செய்து முடிக்கிறவள்.

கயிற்றுப் பக்கத்தில் நின்ற காவலரின் இடுப்பில் வயர்லெஸ் கரகரத்தது. அவர் கேட்டார். தலையாட்டினார். விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்து ஆம்புலன்ஸின் பானெட்டில் ஓங்கி அடித்தார்.

“ஓரங்கட்டு! சைரனை ஆஃப் பண்ணுய்யா! ஆணையர் வர்ற நேரத்துல என்ன சத்தம்?”

சைரன் நின்றது. பெண்ணின் கத்தல் மட்டும் நிற்கவில்லை.

ஆணையர் போனை மறுபடி அழுத்தினார். விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினார். எண் பிஸியாக இருந்தது. அவருக்கு வழி உண்டாக்குகிற வேலையில் பிஸி.

“இது அநியாயம்,” என்றார். “இது அக்கிரமம். யார் இவங்களுக்கு இப்படிச் செய்யச் சொன்னது? நான் சொல்லவே இல்லையே! சத்தியமா நான் சொல்லவே இல்லை அம்மா!”

அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. பெண்ணின் குரல் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு சகாயம் எந்தத் தெருவுல நின்னார்?”

ஆணையர் கயிற்றையே பார்த்தார்.

“உங்களைத்தான் கேக்கறேன். தையல்காரர் எந்தத் தெருவுல செத்தார்?”

“பூக்கடைத் தெரு.”

சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. ஆட்டோவின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் காலிச் சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. ஜன்னலை இறக்கிக் காற்று வாங்கினது, ‘எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியா தணிகை’ என்று சொன்னது எல்லாம் வந்தது. அப்போது இந்தக் கயிற்றுக்குப் பின்னால் ஒருவர் மூச்சுக்குத் தவித்திருக்கிறார்.

“அம்மா, நான்... அந்த மனுஷனை...”

“பின்னாடி ஒரு பொண்ணு கத்தறா,” என்றார் அம்மா. “அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். இறங்குங்க.”

இறங்கினார். இறங்கினார் என்ன, விழுந்தார். எழுந்து ஓடினார். மீன் கூடையில் இடித்துக்கொண்டார், பள்ளிக்கூட வேனுக்கும் லாரிக்கும் நடுவில் நுழைந்தார், ஒரு செருப்பு எங்கேயோ போனது. கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தார்.

பெரிய சாலையில் கார் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சிக்னலும் பச்சை. இரண்டு பக்கமும் காவலர்கள் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். முன்கண்ணாடி வழியாக எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தணிகை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பின் சீட்டு காலி.

ஆணையர் நடுச்சாலையில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

பிரேக் அலறியது. கார் அவர் முழங்காலைத் தொடுகிற மாதிரி வந்து நின்றது.

“கயித்தை அவுருங்கய்யா!” என்று கத்தினார். “அந்த வண்டியை விடுங்கய்யா!”

யார் அவிழ்த்தார்களோ, ஆட்டோக்காரரோ வேறு யாரோ, கயிறு விழுந்தது. லாரிகள் முன்னால் வந்து ஒதுங்கின. சைரன் மறுபடி எழுந்தது. ஆம்புலன்ஸ் அவரைச் சுற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிப் பக்கம் பறந்தது.

காவலர் ஓடிவந்தார். பயத்தில் முகம் வெளுத்திருந்தது. ஆணையரின் கையை முறுக்கிப் பிடித்தார்.

“யோவ், கிழவா! உனக்குப் பைத்தியமா? என் வேலையே போயிடும்யா! யாரு வண்டியை மறிக்கறேன்னு தெரியுமா? யாருய்யா நீ?”

தணிகை காரிலிருந்து இறங்கினார். பார்த்தார். பழக்க தோஷம், அந்த நிலையிலும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

“ஐயா...”

காவலரின் பிடி தளர்ந்தது. கை தானாகக் கீழே விழுந்தது.

ஆணையர் அந்தக் கையைத் தேடிப் பிடித்தார். எடுத்துத் தன் கையின் மேலேயே திரும்ப வைத்து அழுத்தினார்.

“விடாதே தம்பி. சகாயம் சொன்னது நிஜம். தையல்காரரை இங்க நிறுத்திவெச்சுக் கொன்னது நான்தான்.”