நறுக்கிய வரிகள்

"அம்மா, என் பள்ளிக்கூடத்தில் எங்கே பிசகு?"

தூதர் துறை மந்திரி சேந்தன் கைகட்டி நின்று கேட்டார். அவருக்கு வயது அறுபது. பாய் முடைந்துகொண்டிருந்த நல்லமங்கைக்கு முப்பத்தைந்து இருக்கலாம். ஞானத்துக்கு ஜாதகமா பார்ப்பார்கள்? நாடே அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டது.

"என்ன நடந்தது, மந்திரியாரே?"

"கொற்றன்னு ஒருத்தன். தூதருங்களைப் பழக்கற என் பள்ளியிலே முதல் மாணவன். பதினோரு வருஷமா கடல் தாண்டி நம்ம தூதனா இருக்கான். திரும்பி வான்னு மூணு தடவை ஓலை விட்டாச்சு. இங்கேயே இருந்துடறேங்கிறான். நாளைக்குச் சபையிலே அவனைத் துரோகின்னு அறிவிக்கணும்."

"அறிவிச்சிடுவீங்களா?"

"நான் வளர்த்த பிள்ளைம்மா."

கக்கத்திலிருந்த சுவடிக்கட்டை எடுத்து நீட்டினார்.

"அதான் துறையையே திருத்தி எழுதியிருக்கேன். நூற்று நாற்பது விதி. இனி ஏழு மொழி படிக்கணும். வருஷா வருஷம் பரீட்சை."

நல்லமங்கை கட்டை வாங்கினாள். நல்ல கனம். காற்றில் தூக்கிக்கொண்டிருந்த பாயின் மூலையில் வைத்தாள். பாய் படிந்தது.

"அவர் எழுதின ஓலையெல்லாம் கொண்டாரச் சொல்லுங்க."

வாசலில் நின்ற மந்திரியின் சேவகன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதல் ஆறு வருஷத்து ஓலைகளின் அடிப்பக்கம் எல்லாம் வெட்டுப்பட்டிருந்தது.

"இதை யார் நறுக்கினது?"

"துறைதான். தூதனுங்க கடைசியிலே சொந்த விஷயம் எழுதுவாங்க. அரசருக்கு எதுக்கு அது? நறுக்கிட்டுத்தான் அனுப்பணும்னு விதி. நான் போட்டது."

சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அதுக்குப் பதில்?"

"சொந்த விஷயத்துக்குத் துறை பதில் எழுதாது. ரகசியம் வெளியே போயிடும்னு வீட்டாரும் எழுதக்கூடாது."

"நறுக்கினதெல்லாம் எங்கே?"

"பெட்டியிலே கிடக்கு. அரசாங்க ஓலையை எரிக்கக்கூடாதே."

"அதுவும் நீங்க போட்ட விதியா?"

"ஆமாம்."

"நல்ல விதி."

சேவகன் மறுபடி ஓடினான். பெட்டி வந்தது. கொற்றன் பெயர் எழுதிய நறுக்குகளை அவள் தேடியெடுத்து, வருஷப்படி அடுக்கி மந்திரியிடம் கொடுத்தாள்.

"வாய்விட்டுப் படிங்க."

மந்திரி படித்தார்.

"என் மனைவிக்குக் குழந்தை பிறந்ததா?"

"கப்பல்காரர் ஒருவர் சொன்னார், பெண்ணாம். என்ன பெயர் வைத்தார்கள்?"

"நடக்கத் தொடங்கியிருப்பாள். பெயரை மட்டும் தெரிவிக்கவும்."

"பக்கத்து வீட்டில் அவள் வயதில் ஒரு குழந்தை. அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கூப்பிடப் பெயர் இல்லை."

இன்னும் சில இருந்தன. எல்லாம் அதே கேள்வி. ஆறாம் வருஷத்தோடு நறுக்குகள் முடிந்தன.

"ஏழாம் வருஷத்து நறுக்கு?"

"இல்லைம்மா. அதுக்கப்புறம் நறுக்க ஒண்ணும் இல்லை. ஒரு சொந்த வார்த்தை கிடையாது, அத்தனை சுத்தமான ஓலை. அந்த வருஷம்தான் அவனுக்குச் சிறந்த தூதன்னு பட்டம்..."

மந்திரி நிறுத்திக்கொண்டார்.

நல்லமங்கை பாயை விட்ட இடத்திலிருந்து முடையத் தொடங்கினாள்.

மந்திரி தரையில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வெற்றோலை ஒன்றை எடுத்து, "அன்புள்ள கொற்றனுக்கு" என்று எழுதினார். அடுத்த வரிக்கு எழுத்தாணி நகரவில்லை.

எழுந்தார். மேல்துண்டைக்கூட எடுக்காமல் வாசலுக்கு நடந்தார்.

"மந்திரியாரே, விதிக்கட்டை விட்டுட்டுப் போறீங்களே?"

"பாய்மேலேயே இருக்கட்டும்மா. கொற்றன் வீடு மேலத்தெருவிலேதான். அந்தப் பொண்ணு பேரைக் கேட்டுக்கிட்டு வந்துடறேன்."